டைட்டேனியம் இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்துவது எப்படி: வில்லை வெட்டுவதிலிருந்து உறையில் இடுவது வரை

எலும்பு முறிந்தவருக்கு உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள் என்போம். பல் விழுந்த இடத்தில் ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள் என்போம். பலருக்கும் அது டைட்டேனியம். உடலுக்குள் இப்படிப் பதிப்பதைத்தான் இம்ப்ளான்ட் என்கிறோம். ஆனால் எலும்பு அந்த உலோகத்தை நேராகத் தொடுவதே இல்லை. காற்றுப் பட்ட கணத்திலேயே டைட்டேனியத்தின் மேல் 2 முதல் 10 நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. ரத்தமும் புரதமும் உடலின் செல்களும் சந்திப்பது அந்தப் படலத்தையும், அதன்மேல் ஒட்டியிருக்கும் அழுக்கையும்தான்.

ஆய்வகத்தில் முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் மாணவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நானோ குழாய், பூச்சு, மருந்து என்று போகும் ஆர்வத்தில் கழுவுவதையும் எடுத்து வைப்பதையும் கோட்டை விடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் எலும்பில் டைட்டேனியக் கூடு ஒன்றைப் பதித்து, ரத்த ஓட்டத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கூட்டை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. 1965இல் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளியின் தாடையில் டைட்டேனியம் ஸ்க்ரூக்களைப் பதித்தார். அவர் 40 ஆண்டுகளுக்கு மேல், இறக்கும்வரை, அவற்றோடு வாழ்ந்தார்.

அந்த ஸ்க்ரூக்கள் லேத்தில் கடைந்து கழுவியவை, அவ்வளவுதான். அப்படியானால் மேற்பரப்பை எதற்கு மாற்ற வேண்டும்? காலத்துக்காக. அந்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் பாரம் ஏற்றாமல் காத்திருந்தார்கள். எலும்பு நன்றாக இருப்பவருக்கே இந்தக் கணக்கு. எலும்பு மெலிந்துபோன முதியவருக்கும் கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவருக்கும் காத்திருந்தாலும் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இம்ப்ளான்ட் உள்ளே போனதும் நொடிகளில் நீரும் அயனிகளும் புரதங்களும் மேற்பரப்பில் படிகின்றன. பிறகு ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டியின் ஃபைப்ரின் நார்கள் மேற்பரப்பை இறுகப் பிடித்திருந்தால், எலும்பை உண்டாக்கும் செல்கள் நார்களைப் பற்றிக்கொண்டு உலோகம் வரை வந்து, அங்கேயே எலும்பைப் படிய வைக்கின்றன. பிடி தளர்ந்தால் நார்கள் சுருங்கிப் பிய்ந்துவிடும். அப்போது பழைய எலும்பின் ஓரத்திலிருந்து புதிய எலும்பு மெல்ல வளர்ந்து வர வேண்டியதுதான். சொரசொரப்பும் நீரை ஈர்க்கும் தன்மையும் உதவுவது இந்த இடத்தில்.

இன்னொன்று. முறுக்கிய வேகத்தில் ஸ்க்ரூவுக்குக் கிடைத்த பிடி, பழைய எலும்பு கரையக் கரையத் தளரும். புதிய எலும்பின் பிடி அதற்குள் முழுதாக வந்திருக்காது. பல் இம்ப்ளான்ட்டில் 2 முதல் 4 வாரத்தில் இந்தப் பள்ளம் தெரியும். நாம் செய்யும் பக்குவமெல்லாம் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கத்தான். இம்ப்ளான்ட்டே ஆடிக்கொண்டிருந்தால் எந்தப் பக்குவமும் காப்பாற்றாது. அசைவு 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும்.

படி 2: ஒட்ட வேண்டுமா, கழற்ற வேண்டுமா

இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் ஆய்வைத் தொடங்கிவிடுகிறார்கள். பல் இம்ப்ளான்ட்டும் சிமென்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டுத் தண்டும் வாழ்நாள் முழுக்க எலும்போடு ஒட்டியிருக்க வேண்டும். முறிவுக்கு வைக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் அப்படியல்ல. குழந்தைகளுக்கு வைத்ததைப் பெரும்பாலும் பிறகு கழற்ற வேண்டிவரும். அதில் எலும்பைக் கவ்வும் சொரசொரப்பை உண்டாக்கினால், கழற்றும் நாளில் ஸ்க்ரூவின் தலை முறிந்து அறுவை மருத்துவர் திண்டாடுவார். தசைநாண் உரசிப் போகும் மணிக்கட்டுப் பக்கமும் வழவழப்பான பரப்பே நல்லது. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் எந்த எலும்பு, எத்தனை காலம், கழற்றுவதா இல்லையா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: உலோகமும் வில்லையும்

தூய டைட்டேனியத்தில் கிரேடு 1 முதல் 4 வரை உண்டு. எண் ஏற ஏற ஆக்சிஜன் அளவும் வலுவும் கூடும். பாரம் தாங்கும் எலும்பு வேலைக்குப் பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த உலோகக் கலவைதான். இரண்டும் ஒரே பக்குவத்துக்கு ஒரே மாதிரி மசியாது. ஒரு கட்டுரையில் தூய டைட்டேனியத்துக்குச் சொன்ன செய்முறையை அப்படியே கலவைக்குப் போட்டால் வேறு படலம் வரும்.

டைட்டேனியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். கெட்டியான எலும்புக்கு 10 முதல் 30தான். பாரத்தை உலோகமே வாங்கிக்கொள்வதால் அருகிலுள்ள எலும்பு மெலியும். மேற்பரப்பு வேலையால் இதைத் தீர்க்க முடியாது. ஆய்வுத் திட்டத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

சோதனைக்கு 10 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வில்லைகள் வசதி. மின்பொறி பாயும் கம்பியால் அறுக்கும் வயர்கட் இயந்திரத்தில் வெட்டினால் ஓரம் நேர்த்தியாக வரும். ஆனால் பித்தளைக் கம்பியின் செம்பும் துத்தநாகமும் மேல் அடுக்கில் உருகி ஒட்டியிருக்கும். செம்பு செல்களுக்கு நஞ்சு. அதைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். 400, 800, 1200 என்று சிலிக்கான் கார்பைடு உப்புத்தாள்களில் தண்ணீர் விட்டபடி தேயுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் வில்லையை 90 டிகிரி திருப்பினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். எஃகு தேய்த்த தாளை இதற்குத் தொடாதீர்கள். உலர்வாகத் தேய்க்கவும் கூடாது. டைட்டேனியத் தூள் எளிதில் தீப்பற்றும்.

படி 4: கழுவுதல்

அசிட்டோன், எத்தனால், அயனி நீக்கிய நீர். இந்த வரிசையில் ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வையுங்கள். அசிட்டோனைக் காயவிடாமல் உடனே எத்தனாலுக்கு மாற்றுங்கள். காய்ந்தால் கரைந்த எண்ணெய் திரும்ப அங்கேயே படியும். பிளாஸ்டிக் இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். எஃகு இடுக்கி இரும்புத் தடயத்தை விட்டுவிடும். பவுடர் இல்லாத கையுறை போடுங்கள். உலர்த்த நைட்ரஜன் வாயு நல்லது. அழுத்தக் காற்றுக் குழாயில் கம்பிரசர் எண்ணெய் கலந்து வரலாம்.

இவ்வளவு செய்தபின் வில்லையை மேஜையில் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? புதிதாக அமிலத்தில் அரித்த டைட்டேனியம் தண்ணீரை அப்படியே பரவவிடும். காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் படியப் படிய அந்தக் குணம் போய்விடும். சொட்டு தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டு நிற்கத் தொடங்கும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு தொகுதி வில்லைகளைச் சாதாரண பிளாஸ்டிக் உறையில் இரண்டு வாரம் வைத்துவிட்டுச் செல் சோதனைக்கு அனுப்பினேன். கூடவே அன்று காலையில் தயாரித்த இன்னொரு தொகுதியும் போனது. இரண்டுக்கும் இடையில் வந்த வித்தியாசத்தைப் பக்குவத்தின் பலன் என்று நம்பி ஒரு மாதம் வீணாக்கினேன். அது வில்லைகளின் வயது வித்தியாசம்.

பெரிய நிறுவனங்களும் இதையே எதிர்கொண்டன. சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த பல் இம்ப்ளான்ட்டில், அமிலத்தில் அரித்த பரப்பை நைட்ரஜன் சூழலில் அலசி, காற்றே படாமல் உப்புக் கரைசலில் அடைத்தார்கள். உலர்வாக அடைத்த முந்தைய வகையின் அதே வடிவம், ஏறக்குறைய அதே சொரசொரப்பு. உலர் வகையில் நீர்ச்சொட்டின் தொடுகோணம், அதாவது சொட்டின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம், 90 டிகிரிக்கு மேல். கரைசலில் வைத்ததில் ஏறக்குறைய பூஜ்யம். பாரம் ஏற்றும் காலத்தை 6 வாரத்திலிருந்து 3-4 வாரத்துக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பழகிப்போன பரப்பைப் புற ஊதா ஒளியில் வைத்துப் புதுப்பிக்கும் வழியும் இருக்கிறது.

படி 5: சொரசொரப்பு

பரப்பின் சராசரி உயரமாறுபாடு 0.5 மைக்ரானுக்குக் கீழ் இருந்தால் வழவழப்பு. 1 முதல் 2 மைக்ரான் வரை நடுத்தரம். 2க்கு மேல் கரடுமுரடு. எலும்பு அதிகம் விரும்புவது நடுத்தரத்தைத்தான். ரொம்பக் கரடுமுரடானால் கிருமிக்கும் ஒளிய இடம் கிடைக்கும்.

வழக்கமான வழி, கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள அலுமினா மணலை வேகமாக அடித்துப் பள்ளம் உண்டாக்கி, பிறகு சூடான ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் அரித்துப் பள்ளத்துக்குள் சிறு குழிகளை உண்டாக்குவது. 1991இல் டேனியல் பூசரும் உடன் ஆய்வாளர்களும் குட்டை இனப் பன்றிகளின் கால் எலும்பில் ஆறு வகைப் பரப்புகளை ஒப்பிட்டார்கள். வழவழப்பான பரப்பில் 20-25 சதவீத இடத்தில்தான் எலும்பு தொட்டிருந்தது. மணலடித்து அமிலத்தில் அரித்ததில் 50-60 சதவீதம். எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் பூசியதில் 60-70 சதவீதம், ஆனால் பூச்சு கரையத் தொடங்கிய அறிகுறிகளும் தெரிந்தன. இந்த ஒரு ஒப்பீடு பிறகு வந்த வணிக இம்ப்ளான்ட்டுகளின் போக்கையே மாற்றியது.

மணலடித்தால் அலுமினாத் துகள்கள் பதிந்து நிற்கும். அதைத் தவிர்க்கச் சிலர் டைட்டேனியம் ஆக்சைடு மணலையும், சிலர் அமிலத்தில் கரைந்துபோகும் கால்சியம் பாஸ்பேட் மணலையும் பயன்படுத்துகிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் செய்வதானால் நான் பிந்தியதைத்தான் சொல்வேன்.

படி 6: காரமும் சூடும்

எல்லாப் பக்குவங்களிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு உலையும் ஒரு வெந்நீர்த் தொட்டியும் இருந்தால் போதும். 1990களில் ஜப்பானில் தடாஷி கொகுபோவின் குழு உருவாக்கிய முறை இது. 2007 முதல் அங்கே இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட்டில் பயன்பாட்டில் இருக்கிறது.

ஒரு லிட்டருக்கு 200 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது 5 மோலார் கரைசல். காரத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகச் சுடும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். சூடான காரம் கண்ணாடியை அரித்து சிலிக்காவைக் கரைசலில் கலந்துவிடும். டெஃப்லான் அல்லது பாலிபுரொப்பிலீன் பாத்திரத்தில் வில்லைகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, 60 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு அயனி நீக்கிய நீரில் மென்மையாக அலசி, 40 டிகிரியில் ஒரு நாள் உலர்த்துங்கள். இந்த நிலையில் மேலே இருப்பது சோடியம் டைட்டனேட் கூழ், நகம் பட்டாலும் கீறும். உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உலையிலேயே ஆறவிடுங்கள். கூழ் கெட்டிப்பட்டு, சுமார் 1 மைக்ரான் தடிமனில் உலோகத்தோடு படிப்படியாகக் கலந்த அடுக்காகிவிடும். 800 டிகிரிக்குப் போனால் இன்னும் கெட்டியாகும் என்று தோன்றும். ஆனால் அபடைட்டை வரவழைக்கும் திறன் குறைந்துவிடும்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. உடல்திரவத்தில் சோடியம் அயனி வெளியேற, அந்த இடத்தில் ஹைட்ரஜன் சார்ந்த அயனி வந்து அமர்கிறது. மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெற்றுக் கால்சியத்தை இழுக்கிறது. கால்சியம் சேரச் சேர நேர்மின் தன்மைக்கு மாறி பாஸ்பேட்டை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து எலும்பின் கனிமத்தை ஒத்த அபடைட் ஆகிறது. எலும்பு வந்து பிடிப்பது அந்த அபடைட்டைத்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் அபடைட் வரவில்லை என்றால், வாங்கிய காரத்தின் தூய்மையைப் பாருங்கள். அதில் மிகச் சிறிய அளவு கால்சியம் மாசாக இருந்தாலும் அது டைட்டனேட் அடுக்குக்குள் முன்கூட்டியே போய் உட்கார்ந்து வேலையைக் கெடுத்துவிடும். நிறையப் பேர் மாதக் கணக்கில் தவிக்கும் இடம் இது.

சோதிக்கச் செயற்கை உடல்திரவம் வேண்டும். 700 மில்லி நீரை 36.5 டிகிரியில் வைத்து, பின்வரும் வரிசையில், ஒன்று முழுதாகக் கரைந்தபின் அடுத்ததைப் போடுங்கள்: சோடியம் குளோரைடு 8.035 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.355, பொட்டாசியம் குளோரைடு 0.225, மூன்று நீர் மூலக்கூறுள்ள டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.231, ஆறு நீர் மூலக்கூறுள்ள மெக்னீசியம் குளோரைடு 0.311, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 39 மில்லி, கால்சியம் குளோரைடு 0.292, சோடியம் சல்பேட் 0.072. நீரை 900 மில்லி ஆக்கியபின், பிஎச் மாறாமல் காக்கும் டிரிஸ் 6.118 கிராமைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தேவைக்கு அமிலம் விட்டு, பிஎச் 7.40க்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு லிட்டர் ஆக்குங்கள். அமிலத்துக்கு முன் கால்சியத்தைப் போட்டால் கலங்கிவிடும். கலங்கிய கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது, கொட்டிவிட வேண்டும். கீறல் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள்.

எவ்வளவு திரவம் என்பதற்கும் கணக்கு உண்டு. வில்லையின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் கணக்கிட்டு 10ஆல் வகுத்தால் மில்லி கிடைக்கும். நம் வில்லைக்கு எல்லாப் பக்கமும் சேர்த்துச் சுமார் 220 சதுர மில்லிமீட்டர், ஆக 22 மில்லி. 36.5 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் வெள்ளைப் படிவு தெரிய வேண்டும். எக்ஸ்ரே விளிம்புவளைவில் 26, 32 டிகிரி அருகே முகடுகள் வந்தால் அது அபடைட். பாட்டிலில் அபடைட் வந்ததாலேயே உடம்பில் எலும்பு பிடிக்கும் என்று எழுதிவிடாதீர்கள். இது முதல் வடிகட்டி மட்டும்தான்.

படி 7: அனோடைசிங்

டைட்டேனியத்தை நேர்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால் ஆக்சைடு தடிக்கும். தடிமனுக்கு ஏற்ப நீலம், மஞ்சள், ஊதா என்று நிறம் மாறும். சாயமே இல்லாத இந்த நிறங்களை வைத்துத்தான் ஸ்க்ரூ அளவுகளைப் பிரித்தறிகிறார்கள். வோல்டேஜைப் பொறி பறக்கும் அளவுக்கு ஏற்றினால் எரிமலை வாய் போன்ற துளைகளோடு சில மைக்ரான் தடிமனுள்ள அடுக்கு வரும்.

கரைசலில் ஃபுளோரைடு இருந்தால் வரிசையாக நிற்கும் நானோ குழாய்கள் கிடைக்கும். 0.5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 20 வோல்டில் அரை மணி நேரம் வைத்தால் சுமார் 100 நானோமீட்டர் விட்டம். வோல்டேஜைக் குறைத்தால் விட்டமும் குறையும். குழாய்கள் படிகமாக இருக்காது. 450 டிகிரியில் சூடாக்கினால் அனடேஸ் என்ற டைட்டேனியம் ஆக்சைடு படிகமாகும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்கவே வலிக்காமல் உள்ளே ஊடுருவி, ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துவிடும், உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் பாட்டிலைத் திறக்காதீர்கள். தனியாக இருக்கும்போதும் வேண்டாம். அமோனியம் ஃபுளோரைடும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த கரைசலைக் கையாள்வது இதைவிட எளிது. அதற்கும் ஃபுளோரைடுக்குரிய எச்சரிக்கை தேவை.

எந்த விட்டம் நல்லது? 2007இல் ஜெர்மனியின் எர்லாங்கன் குழு, 15 நானோமீட்டரில் ஸ்டெம் செல்கள் நன்றாக ஒட்டுகின்றன, 100இல் சாகின்றன என்றது. 2009இல் சான் டியேகோ குழு, 70 முதல் 100 வரையுள்ள குழாய்களில் செல்கள் நீண்டு எலும்புச் செல்லாக மாறுகின்றன என்றது. படிக நிலை, மிச்ச ஃபுளோரைடு, கிருமி நீக்கிய விதம் எல்லாம் அந்த வாதத்தில் அடிபட்டன. ஆகவே விட்டத்தை மட்டும் எழுதினால் போதாது, இவை மூன்றையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். நீளத்தை 1 மைக்ரானுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட குழாய்கள் படத்தில் அழகாக இருக்கும், ஸ்க்ரூவை எலும்பில் முறுக்கும்போது உரிந்துவிடும்.

படி 8: பூச்சும் கிருமி எதிர்ப்பும்

ஹைட்ராக்சிஅபடைட் தூளைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி அடிக்கும் முறை பழையது, நம்பகமானது. ரொனால்டு ஃபர்லாங் 1985இல் லண்டனில் இந்தப் பூச்சுள்ள இடுப்பு மூட்டைப் பொருத்தினார். சுடரின் வெப்பம் 10,000 டிகிரியைத் தாண்டுவதால் தூளின் ஒரு பகுதி படிகத்தன்மை இழந்து வேகமாகக் கரையும். ஒட்டும் வலிமை குறைந்தது 15 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும். இதற்கான இயந்திரம் கல்லூரிகளில் அரிது, வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

கிருமியைப் பொறுத்தவரை, நம் செல்களும் பாக்டீரியாவும் ஒரே பரப்பைப் பிடிக்க ஓடும் பந்தயம் என்று 1987இல் அந்தோணி கிறிஸ்டினா சொன்னது இன்றும் பொருந்தும். வெள்ளி, அயோடின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் எல்லாம் நோயாளிகள் வரை போயிருக்கின்றன. வெள்ளியில் கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் செல்லைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அதனால் கிருமிச் சோதனையை மட்டும் காட்டும் ஆய்வை நான் பாதி ஆய்வாகத்தான் பார்ப்பேன்.

படி 9: சோதனை வரிசை

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். தொடுகோணம், சொரசொரப்பு, எலெக்ட்ரான் நுண்ணோக்கி, பிறகு மேல் சில நானோமீட்டரின் வேதியியலைச் சொல்லும் எக்ஸ்ரே ஒளிஎலெக்ட்ரான் நிறமாலை. இதில் கார்பன் அதிகமாகத் தெரிந்தால் படி 4க்குத் திரும்புங்கள். பூச்சு இருந்தால் ஒட்டும் வலிமை. அப்புறம் ஐஎஸ்ஓ 10993-5 என்ற சர்வதேசத் தரநிலைப்படி செல் நச்சுத்தன்மை. எலும்புச் செல் சோதனையில், செல் முதிர்வதைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியின் அளவை 7, 14 நாட்களிலும், கனிமப் படிவை அலிசரின் சிவப்புச் சாயத்தால் 21ஆம் நாளிலும் பாருங்கள். கால்சியம் உள்ள பூச்சையே இந்தச் சாயம் சிவப்பாக்கிவிடும். ஆகவே செல் இல்லாத வில்லை ஒன்றையும் சாயத்தில் போட்டுக் கழிக்க மறக்காதீர்கள்.

ஒப்பீட்டு வில்லை அதே டைட்டேனியத் தண்டிலிருந்து வெட்டியது, அதே நாளில் கழுவியது, அதே உறையில் இருந்தது என்று இருக்க வேண்டும். விலங்குச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், முயல் பிறகு. எலும்புத் தொடர்பு சதவீதத்தோடு, முறுக்கி எடுக்கும் விசையையும் அளந்தால்தான் படம் முழுமையாகும்.

படி 10: கிருமி நீக்கமும் உறையும்

121 டிகிரி நீராவியில் வைத்தால், நீரிலுள்ள உப்பும் கருவியின் அழுக்கும் உங்கள் மேற்பரப்பில் படியலாம். 25 கிலோகிரே காமாக் கதிர் சுத்தமானது, ஆனால் புரதமோ மருந்தோ பூசியிருந்தால் அதைச் சிதைக்கக்கூடும். எதைத் தேர்ந்தாலும் கிருமி நீக்கியபின் தொடுகோணத்தை மறுபடி அளந்து பாருங்கள். செல் பார்க்கப்போவது அந்தப் பரப்பைத்தான், நீங்கள் நுண்ணோக்கியில் படம் எடுத்ததை அல்ல.

உறையின் மேல் பக்குவம் முடிந்த தேதி, நேரம், கழுவிய நீரின் தொகுதி, கிருமி நீக்கிய முறை நான்கையும் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு வில்லைகளைச் சோதனைக்கு அனுப்பாமல் அதே உறையில் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து முடிவு புரியாதபோது எடுத்துப் பார்க்க அவை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.